சம்பந்தியம்மாளை ஆட வைத்தவர்

ஆடுகிறவர்களை உங்களுக்குத் தெரியும். ஆட்டத்தை உட்கார்ந்து பார்க்கிறவர்களையும் தெரியும். இந்த இரண்டு கூட்டத்திலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று சமீபத்தில் தலையெடுத்திருக்கிறது. தான் ஆடாது, பிறரை ஆட விடாமலும் இருக்காது. உங்கள் புகைப்படம் ஒன்று அதன் கையில் கிடைத்தால் போதும், மறுநாள் காலையில் நீங்கள் இடுப்பை வளைத்து ஆடிக்கொண்டிருப்பீர்கள்; அதை உங்களைத் தவிர ஊரே பார்த்திருக்கும்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். சாதாரண மனிதர்கள் உங்களைக் கண்டால் முகத்தைப் பார்ப்பார்கள். இவர் தலையிலிருந்து பாதம் வரை ஒரு பார்வை பார்ப்பார். "முழு உருவப் படம் ஒண்ணு இருக்கா? காலு தெரியணும்" என்பார். எதற்கு என்று கேட்டால், "சும்மாதான்" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பை நம்பிப் படத்தைக் கொடுத்து ஆடாமல் தப்பியவர் இதுவரை எவரும் இல்லை.

பாளையங்கோட்டை சத்தியநேசன் இந்த இனத்தில் நன்கு விளைந்த ரகம். வயது ஐம்பத்தாறு. பள்ளிக்கூட அலுவலகத்தில் கண்காணிப்பாளர், கிறிஸ்தவத் திருச்சபையின் சேகரக் கமிட்டி உறுப்பினர், கல்யாண வயதில் ஒரே மகள் ரீபா. பதினாலாம் வயதில் பள்ளி விளையாட்டு விழாவில் கையை வீசி ஆடும் பயிற்சியில் கடைசி வரிசைக்குத் தள்ளப்பட்டதோடு அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்துபோயிற்று. பிறகு அவர் ஆடியது பேருந்தில் நின்றுகொண்டு போகும்போது மட்டும்தான்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் அந்த வலைத்தளத்தைக் கண்டுபிடித்தார். அதில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் யாரோ ஆடுகிற வீடியோவைப் போட வேண்டும். இன்னொன்றில் ஆட வைக்க வேண்டியவரின் படத்தைப் போட வேண்டும். இரண்டு நிமிடம் காத்திருந்தால் அந்த ஆட்டத்தை இந்த ஆள் ஆடுவார். நாற்பத்திரண்டு வருடம் ஓரமாக நின்றவருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

முதல் பலி அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர் அலி அக்பர். அவரிடமிருந்து கிடைத்தது பாஸ்போர்ட் அளவுப் படம். பாதி உடம்பைக் கொடுத்தால் மீதி உடம்பை அந்த இயந்திரம் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளும் என்று சத்தியநேசனுக்கு அப்போது தெரியாது. மேலே அலி அக்பரின் தாடி. கீழே குதிகால் உயர்ந்த செருப்போடும் கொலுசோடும் இரண்டு கால்கள்.

"என்னவே இது," என்றார் அலி அக்பர், கைப்பேசியைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தபடி. "மூஞ்சி நம்மளது. காலு யாருதுவே?"

"நான் ஒண்ணுமே பண்ணல. எல்லாம் அதுவே பண்ணுது."

இதுதான் இந்த இனத்தின் தேசிய கீதம். நன்றாக வந்தால் இதை அடக்கத்தோடு சொல்வார்கள். விபரீதமாக வந்தால் அவசரத்தோடு சொல்வார்கள். வார்த்தை ஒன்றுதான்.

போகப் போக மளிகைக்கடை அண்ணாச்சி ஆடினார், கோயிலில் மணியடிப்பவர் ஆடினார், மின் வாரியத்துக்காரர் கம்பத்தடியில் ஆடினார். ஒவ்வொன்றையும் அனுப்பிவிட்டு, பார்த்துவிட்டார்களா என்று நீலக் குறிக்காகக் காத்திருந்து, குறி விழுந்தும் பதில் வராவிட்டால் நேரிலேயே போய், "பாத்தியளா? முழுசாப் பாத்தியளா? கடைசில ஒரு சுத்து சுத்துவிய, அத பாத்தியளா?" என்று கேட்டு, பார்த்தேன் என்று சொல்லும் வரை நகராமல் நிற்பார். எல்லாரும் கட்டை விரல் படம் ஒன்றை அனுப்பித் தப்பித்துக்கொண்டார்கள்.

அலி அக்பர்தான் அடுத்த கேட்டுக்குக் காரணம். "எல்லாரையும் ஒரே ஆட்டம்லாவே ஆட வைக்கேரு. யாரோ ஒரு காலேஜ் பிள்ள இன்டர்நெட்டுல ஆடுனதத்தான் நானும் ஆடுதேன், மளிகைக்கடைக்காரரும் ஆடுதாரு. சொந்தமா ஒரு ஆட்டம் கிடையாதா உம்மகிட்ட?" என்று கேட்டுவிட்டார்.

கேள்வி தைத்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை மதியம் மனைவி பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்கும் ரீபா துணி எடுக்கவும் போயிருந்த நேரத்தில், சத்தியநேசன் கதவைச் சாத்தி, கொண்டி போட்டு, கைப்பேசியை அரிசி டப்பாவில் சாய்த்து நிறுத்தி, கட்டிய லுங்கியோடு ஆடினார். இரண்டு நிமிடம் முழுக்க ஆடினார். வேர்த்துக் கொட்டியது, மூச்சு வாங்கியது. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், கல்யாணமான நாளுக்குப் பிறகு அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அன்றைக்குத்தான்.

ஆனால் அந்தச் சந்தோஷத்தைச் சொந்த முகத்தோடு வெளியே காட்ட முடியுமா? சேகரக் கமிட்டி என்ன சொல்லும்? அதற்குத்தானே பிறர் முகங்கள் இருக்கின்றன.

அந்தச் சமயம் ரீபாவுக்கும் நாங்குநேரி பெனோவுக்கும் கல்யாணம் நிச்சயமாகி, கோயிலில் ஓலை வாசித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து, இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை சொல்ல வேண்டியவர்கள் சொல்லலாம் என்று கோயில் குருவான ஐயர் சபைக்கு அறிவிப்பார். இரண்டு ஓலை முடிந்திருந்தது. பெனோவின் தாயார் சாலோமி டீச்சர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. சிரித்தால் அபராதம் என்பதுபோல் இருப்பவர். நிச்சயதார்த்தத்தில் அவர் அரக்குப் பட்டில் நின்ற முழு உருவப் படம் ஒன்று சத்தியநேசனிடம் இருந்தது. காலும் தெரிந்தது.

போதாதா?

வியாழக்கிழமை காலை, இரு வீட்டாருமாக நூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கும் கல்யாணக் குழுவில், "சம்பந்தியம்மாளின் ஆனந்த நடனம்" என்று எழுதிப் போட்டார். முகம் அச்சு அசலாக வந்திருக்கிறது என்பதில் அவருக்கு அத்தனை பெருமை. முகத்தை மட்டும்தான் பார்த்தார் என்பதுதான் வினை. மற்ற நூற்றுப் பதினோரு பேரும் கீழேயும் பார்த்தார்கள். நாலு தப்படிக்கு ஒரு தடவை சாலோமி டீச்சர் குனிந்தார், பட்டுச் சேலையின் கரையை இரண்டு கையாலும் பிடித்தார், முழங்காலுக்கு மேல் தூக்கி மடித்து இடுப்பில் கட்டினார், பிடரியைச் சொறிந்துகொண்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்.

கட்டை விரல் ஒன்றுகூட வரவில்லை. பெனோவின் சித்தப்பா குழுவை விட்டு வெளியேறினார். சத்தியநேசன் பதறிப்போய் அழிப்பதற்குள் அது நாங்குநேரி முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது.

"அப்பா, அத்தைய என்ன பண்ணி வச்சிருக்கிய?" என்று கேட்டாள் ரீபா. இரண்டு நாள் சாப்பாட்டுத் தட்டு மேஜைக்குச் சத்தத்தோடுதான் வந்தது.

சனிக்கிழமை காலை சாலோமி டீச்சர் தனியாக பஸ் ஏறி வந்தார். கொடுத்த காப்பியைத் தொடவில்லை.

"சம்பந்தி, மூஞ்சி எனக்குள்ளது. சேல எனக்குள்ளது. ஆட்டம் யாருக்குள்ளது?"

"நான் ஒண்ணுமே பண்ணல டீச்சர். எல்லாம் அதுவே..."

"முப்பத்தோரு வருசம் பரீட்சத் தாளு திருத்தியிருக்கேன். பாத்து எழுதுத பிள்ள அடுத்தவன் தப்பையும் சேத்துத்தான் எழுதும். நிச்சயத்தன்னைக்கு எங்க வீட்டு முத்தத்துல அரைமணிக்கூரு நின்னிய. அதுக்குள்ள வேட்டிய ஒம்பது தடவ அவுத்து மடிச்சுக் கட்டுனிய. நான் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்."

சத்தியநேசன் குனிந்து பார்த்தார். அவருடைய கை அந்த நிமிடமும் லுங்கியின் கரையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. ஐம்பத்தாறு வருடமாக அந்தக் கை என்ன செய்கிறது என்று அவருக்கே தெரியாது.

"நாளைக்கு மூணாவது ஓலை. கோயில்ல எந்திச்சு நிப்பேன்னு பெனோ சித்தப்பா நிக்காரு. இதெல்லாம் ஒரு தடையான்னு ஐயரு உக்கார வச்சிருவாரு, அது வேற. எந்திச்சாலே அசிங்கந்தான். பைய, பொறுமையா இருங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்." கையை நீட்டினார். "கதவச் சாத்திட்டுத்தான ஆடியிருப்பிய, அந்த வீடியோவ எடுங்க."

எடுத்தார். டீச்சர் இரண்டு நிமிடமும் முகம் மாறாமல் பார்த்தார்.

"இத அதே குழுவுல போடுங்க."

"லுங்கியோட இருக்கேன் டீச்சர். சேகரக் கமிட்டியில வேற..."

"எங்கிட்ட கேட்டா போட்டிய?"

அறை வாசலில் ரீபா நின்றாள். அவள் கண்ணைப் பார்த்த பிறகு சத்தியநேசனுக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. அனுப்பினார். வெட்கத்தில் காது எரிந்தது. பேங்கில் வேலை பார்க்கும் மருமகன், அவன் நண்பர்கள், குவைத்தில் இருக்கும் சொந்தங்கள் எல்லாரும் இப்போது அரிசி டப்பாவின் உயரத்திலிருந்து தன் தொப்பையைப் பார்க்கிறார்கள் என்று நினைத்தபோது, பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

முதலில் வந்தது சித்தப்பாவின் பதில். யாரோ அவரை மறுபடி சேர்த்திருந்தார்கள். "சம்பந்தி அண்ணாச்சிக்கு கை நல்லா வருது, காலுதான் வரல." அடுத்து ஒன்று, அடுத்து ஒன்று. எல்லாம் ஆளுக்கு ஆள் தட்டச்சு செய்து அனுப்பிய வார்த்தைகள். அத்தனை பேரை ஆட வைத்தும் கிடைக்காதது, தான் ஆடியதும் கிடைத்தது.

டீச்சர் ஆறிய காப்பியை எடுத்துக் குடித்தார்.

"ஆட்டம் மோசமில்ல. முதல்லயே உங்க மூஞ்சியோட போட்டா என்ன?"

சத்தியநேசனுக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் மூன்றாவது ஓலை வாசித்தார்கள், யாரும் எழுந்திருக்கவில்லை.

பதில் எனக்கும் தெரியாது. சத்தியநேசன் என்று ஒரு பெயரைப் பிடித்து, அவரை இவ்வளவு நேரம் பாளையங்கோட்டையில் ஆட்டிவிட்டு, நான் எழுதுகிற மேஜைக்குப் பின்னால் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறேன். கதவைச் சாத்தியது யார் என்று என் வீட்டில் விசாரிக்க வேண்டாம், சொல்லிவிடுவார்கள். நீங்கள் மட்டும் என்ன? படிக்கத் தொடங்கியபோதே உங்கள் மைத்துனர் முகத்தையோ மேலதிகாரி முகத்தையோ சத்தியநேசனுக்கு ஒட்டியாயிற்று. இதை அந்த முகத்துக்காரருக்கே அனுப்பிவைக்கலாம் என்று விரலும் போயிருக்கும். தாராளமாக அனுப்புங்கள். ஆனால் ஒன்று: படிக்கும்போது சத்தியநேசன் அடுத்து என்ன செய்வார் என்று ஒவ்வொரு தடவையும் முன்கூட்டியே உங்களுக்கு எப்படித் தெரிந்தது?