மாலை ஆறு பத்துக்கு அடிக்காத தொலைபேசி

பெருமதிப்பிற்குரிய 'வீட்டுக்கொரு கணினி' பகுதி ஆசிரியர் அவர்களுக்கு,

ஓய்வுபெற்ற எடை அளவு ஆய்வாளர் ஒருவர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் வீட்டாரும் தங்கள் கணினியும் சுகமென்று நம்புகிறேன். இங்கே நானும் என் மனைவியும் சுகம். எங்கள் கணினிக்கும் ஒரு குறையுமில்லை. தொலைபேசிக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது. தங்களிடம் சண்டை போட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் தங்கள் பகுதி வெளிவந்த பதினான்கு வாரத்தையும் கத்தரித்து, நோட்டில் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் தேதி போட்டு வைத்திருக்கும் ஆள் நான் என்பதையும் தாங்கள் கொஞ்சம் மனதில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு படிக்க வேண்டும்.

இரண்டாம் வாரத்தில் தாங்கள் எழுதியதை அப்படியே தருகிறேன்: "கணினியை வெயில் படாத, ஈரம் அண்டாத, தூசி சேராத, தொலைபேசி இணைப்புக்கு ஆறு அடிக்குள் உள்ள சமதளமான இடத்தில் வைக்கவும்." எழுதிவிட்டுத் தாங்கள் அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்பீர்கள். நான் முப்பத்தொரு வருஷம் கடை கடையாக ஏறி இறங்கித் தராசையும் படிக்கல்லையும் சோதித்தவன். ஆறு அடி என்றால் எனக்கு ஆறு அடிதான், ஆறேகால் கிடையாது. இரும்பு டேப்பை எடுத்துக்கொண்டு வீடு முழுக்க அளந்தேன். எங்கள் தொலைபேசி சமையலறைக்குப் போகும் நடையில் இருக்கிறது. அதிலிருந்து ஆறு அடிக்குள், வெயிலும் ஈரமும் தூசியும் இல்லாமல் இருந்த ஒரே இடத்தில் என் மனைவியின் துணி அலமாரி நின்றுகொண்டிருந்தது. அதை இரண்டடி தள்ளினேன். இப்போது அலமாரியில் ஒரு கதவுதான் திறக்கும். "பாதிப் புடவை உள்ளேயே மாட்டிக்கிச்சு, மீதியை வச்சு எத்தனை நாளைக்கு ஓட்டுறது?" என்று கேட்டாள். மேஜை சமமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், ஒரு காலுக்கு அடியில் பழைய லைசென்ஸ் அட்டையை மடித்து வைத்தேன். பெட்டியின் மேல் திரையின் எடை பதினான்கு கிலோ என்று போட்டிருந்தது. என் ஸ்பிரிங் தராசில் தொங்கவிட்டதில் பதின்மூன்று கிலோ எழுநூறு கிராம்தான் நின்றது. கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், பதில் இல்லை. தொலைபேசிக் கம்பியைத் தரையில் இழுபட விடக்கூடாது என்று தாங்கள் சொன்னபடி ஒன்பது அங்குலத்துக்கு ஒரு கிளிப் அடித்துச் சுவரோரமாகக் கொண்டு போனேன். அதைப் பார்த்துவிட்டு என் மனைவி, "எறும்புகூட இவ்வளவு நேரா போகாது" என்றாள். அவள் என்னைப் பாராட்டி வெகுநாளாகிறது, ஆகவே அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

இந்த வயதில் எனக்கு எதற்குக் கணினி என்று தாங்கள் கேட்கலாம், கடைக்காரரே கேட்டார். அவரிடம் சொல்லாததைத் தங்களிடம் சொல்கிறேன், ஏனென்றால் காரணம் தாங்கள்தான். முதல் வாரத்தில் தாங்கள், "வாயால் சொல்ல வராததைக்கூட மின்னஞ்சலில் சொல்லிவிடலாம்" என்று எழுதினீர்கள். அந்த வரியின் கீழ் நான் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். எங்களுக்கு ஒரே மகள். ஏழு மாதத்துக்கு முன்னால் வேலை கிடைத்து வெளிநாட்டுக்குப் போனாள். போக வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. பெட்டியோடு வாசலில் நின்றவளிடம், "போனா அப்படியே போ. அங்க போய் உட்கார்ந்துக்கிட்டு இங்க போன் பண்ணிட்டு இருக்காதே" என்று சொல்லிவிட்டேன். சொன்ன உடனே தப்பென்று தெரிந்துவிட்டது. ஆனால் முத்திரை குத்தியே பழகிய கை பாருங்கள், குத்தியதை அழிக்க வரவில்லை. அவளும் நான் சொன்னதை ஒரு கிராம் கூடாமல் குறையாமல் கடைப்பிடித்தாள். என் மகளாயிற்றே.

அதாவது, எனக்குப் போன் பண்ணுவதில்லை. அவள் அம்மாவுக்குப் பண்ணுவாள். நான் தினமும் மாலை ஆறு மணிக்கு நடக்கப் போகிறவன் என்பது அவளுக்குத் தெரியும். ஆறு பத்துக்கு வீட்டில் மணி அடிக்கும். மற்ற நேரத்தில் அடித்தால் நான் எடுத்துவிடுவேனோ என்று பயம். இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை, ஒருநாள் மறந்த குடைக்காகப் பாதி வழியில் திரும்பி வந்தபோது வாசலிலேயே மணி கேட்டது, நானாகக் கண்டுபிடித்தேன். நடந்துவிட்டு வந்து, செருப்பைக் கழற்றும் சாக்கில் ரிசீவரைத் தொட்டுப் பார்ப்பேன், இளஞ்சூடாக இருக்கும். அன்றைக்குச் சாப்பிடும்போது என் மனைவி தட்டைப் பார்த்துக்கொண்டே, "அங்கெல்லாம் இப்ப குளிர் ஜாஸ்தியாம்" என்பாள். "யாரு சொன்னா?" என்றால், "பேப்பர்ல போட்டிருந்தது" என்பாள். எங்கள் வீட்டுக்கு வருவது ஒரே பேப்பர், அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிப்பவன் நான். ஆனாலும், "எந்தப் பேப்பர்ல?" என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவர்கள் நிறையப் பேசட்டும் என்று பூங்காவை மூன்று சுற்றுக்குப் பதில் ஐந்து சுற்று சுற்றுவேன். மழை பெய்தால் குடையோடு சுற்றுவேன். அங்கே இருக்கும் காவலாளி எனக்கு ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

போன் பண்ணாதே என்றுதான் சொல்லியிருக்கிறேன், எழுதாதே என்று சொல்லவில்லை. ஆகவே நான் எழுதினால் என் வார்த்தையும் நிற்கும், மகளும் கிடைப்பாள் என்று கணக்குப் போட்டேன். தபாலில் எழுதலாமே என்பீர்கள். தபால் போய்ச் சேரப் பன்னிரண்டு நாள் ஆகிறது, அதற்குள் எனக்கு மனசு மாறிவிடும். மின்னஞ்சல் என்றால் மனசு மாறுவதற்குள் போய்விடும் என்று தாங்களே நான்காம் வாரத்தில் உறுதி கூறியிருக்கிறீர்கள். மகள் அவள் அம்மாவுக்குப் போட்ட கடிதத்தின் பின்பக்கத்திலிருந்து மின்னஞ்சல் முகவரியை எடுத்து நோட்டில் எழுதிக்கொண்டேன். இணைப்பும் வாங்கினேன். தனிக் கம்பி வேண்டாமா என்று கடைக்காரரிடம் கேட்டேன். "எதுக்கு சார்? ஒரே கம்பியிலே ரெண்டும் ஓடும்" என்றார். தாங்களும் ஐந்தாம் வாரத்தில், "வீட்டிலுள்ள தொலைபேசி இணைப்பே போதும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மோடம் பெட்டி முதல் தடவை கத்தியபோது என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்து, "யாரு கழுத்தைப் பிடிச்சீங்க?" என்றாள். அது கணினி பேசுகிற பேச்சு, நடுவில் ரிசீவரை எடுத்தால் அறுந்துவிடும், தொடக்கூடாது என்று அவளுக்கு விளக்கினேன். ரிசீவர் மேல் 'தொடாதே' என்று அட்டையும் எழுதி வைத்தேன்.

மாலை ஐந்தரைக்கு இணைப்பைப் போட்டுவிட்டு எழுத உட்காருவேன். ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்க வேண்டியிருக்கிறது. 'அன்புள்ள' என்று அடித்து முடிப்பதற்குள் அன்பு ஆறிவிடும்போல் இருக்கிறது. ஆறு மணிக்கு நடக்கக் கிளம்புவேன். கடிதம் பாதியில் இருக்கும். "வேலை முடியும்வரை இணைப்பைத் துண்டிக்காதீர்கள்" என்று ஏழாம் வாரத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள் அல்லவா, அதனால் அப்படியே விட்டுவிட்டுப் போவேன். தட்டில் சரக்கை வைத்துவிட்டால் முள் நிற்கும்வரை கை வைக்கக்கூடாது என்று எத்தனை கடைக்காரர்களுக்குப் புத்தி சொன்னவன் நான். திரும்பி வந்து எட்டு மணிவரை மறுபடி அடிப்பேன். மூன்று வாரத்தில் நான்கு வரி எழுதியிருக்கிறேன். நான் நலம், அம்மா நலம், இங்கே மழை, மேஜை சமமாக இருக்கிறது. ஐந்தாவது வரியைத் தினமும் அடிக்கிறேன், தினமும் அழிக்கிறேன். அழிக்கும் பொத்தானில் எழுத்தே தேய்ந்துவிட்டது. வெட்கமாகத்தான் இருக்கிறது.

இப்போது புகாருக்கு வருகிறேன். இதே மூன்று வாரமாக ஆறு பத்துக்கு மணி அடிப்பதில்லை. வந்து தொட்டுப் பார்த்தால் ரிசீவர் ஜில்லென்று இருக்கிறது. ஒருவேளை தாமதமாகக் கூப்பிடுகிறாளோ என்று ஏழு மணிவரை சுற்றிப் பார்த்தேன், முழங்கால் வீங்கியதுதான் மிச்சம். தொலைபேசி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். லைன்மேன் ஒருவர் காலை பதினொரு மணிக்கு ஏணியோடு வந்தார். தன் ஆபீஸுக்குப் பேசி, அங்கிருந்து திரும்ப அடிக்கச் சொன்னார். வீடே அதிர்ந்தது. "மணி கணீர்னு அடிக்குதே சார், இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். "ஆறு பத்துக்கு அடிக்கணும்" என்றேன். "எனக்கு அஞ்சு மணியோட டூட்டி முடிஞ்சிடுது சார்" என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவரை நம்பாமல் மறுநாள் காலை நானே தெருமுனை பூத்துக்குப் போய் வீட்டுக்கு அடித்தேன். என் மனைவி எடுத்தாள், மூச்சு வாங்கியது. "நான்தான். சும்மா, சோதனை" என்றேன். "நான் வேற யாரோன்னு ஓடி வந்தேன்" என்று மட்டும் சொன்னாள். ஓடி வந்ததில் நான் தள்ளி வைத்த அலமாரியில் கால் விரலை இடித்துக்கொண்டிருக்கிறாள், இன்றுவரை நகம் கறுப்பாக இருக்கிறது.

மகள் நலமா என்று நாங்களே கூப்பிட்டுக் கேட்கலாம் என்றால் அவள் தங்கியிருக்கும் இடத்தில் போன் கிடையாது, பூத்திலிருந்துதான் பேசுவாள். என் மனைவி போட்ட கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவள் தட்டைப் பார்க்கிறாள், பேச்சில்லை. மூன்று வாரமாக அங்கே குளிரா வெயிலா என்று எனக்குத் தெரியாது ஐயா. அப்பாதான் வேண்டாம் என்றார், அம்மாவும் வேண்டாம் என்று மகள் விட்டுவிட்டாளோ என்று நினைத்தால் எனக்குத் தட்டில் கை போகமாட்டேன் என்கிறது. என்னோடு பேசாமல் இருந்தால் அது நான் சொன்ன சொல்லுக்குக் கிடைத்த தண்டனை, அதை நான் அனுபவிக்கிறேன். என் மனைவி என்ன சொன்னாள்? ஒன்றும் சொல்லவில்லையே. ஆகவே தங்களைக் கேட்கிறேன். தாங்கள் சொன்னபடி ஆறு அடி, சமதளம், கிளிப், இணைப்பு எல்லாம் சரியாகச் செய்த வீட்டில், மகள் போன் பண்ணுவது மட்டும் எப்படி நின்றுபோகும்? இதை ஏன் தாங்கள் ஒரு வாரத்திலும் எச்சரிக்கவில்லை?

இன்று மாலை ஐந்தேகாலுக்கே நான் கணினிக்கு முன்னால் உட்காரப் போனேன். என் மனைவி வாசலில் என் குடையை எடுத்துக்கொண்டு நின்றாள். "இந்தப் போனையே பாத்துப் பாத்து எனக்கு அலுத்துப்போச்சு. இன்னிக்கு நான் போய்ச் சுத்திட்டு வரேன். நீங்க உட்காருங்க, உட்கார்ந்து பாத்தாதான் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கல்யாணமாகி முப்பத்து நான்கு வருஷத்தில் அவள் தனியாக நடக்கப் போனது இதுவே முதல் தடவை. எனக்குக் கணினியைப் போடவே மனமில்லை. அதனால்தான் நோட்டுத் தாளைக் கிழித்துத் தங்களுக்குக் கையாலேயே எழுதிக்கொண்டிருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். மேஜையில் குறையில்லை.

தங்கள் பகுதி மேன்மேலும் வளர்க. தாங்கள் வயதில் பெரியவரானால் என் வணக்கம், சிறியவரானால் என் ஆசீர்வாதம். விவரம் தெரியாததால் இரண்டையும் அனுப்பியிருக்கிறேன், பொருந்துவதை எடுத்துக்கொண்டு மற்றதை அலுவலகத்தில் யாருக்காவது கொடுத்துவிடவும்.

இப்படிக்கு,
தங்கள் பதினான்கு வாரத்தையும் ஒட்டி வைத்திருக்கும் வாசகன்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் தயவுசெய்து பிரசுரிக்க வேண்டாம். புகாரை ரத்து செய்யவும். தங்கள் பேரில் தவறில்லை, கம்பியின் பேரிலும் தவறில்லை. 'வாசகன்' என்று எழுதிப் பேனாவை மூடுகிறேன், மணி அடிக்கிறது. கடிகாரத்தைப் பார்த்தேன், ஆறு பத்து. 'தொடாதே' அட்டையைத் தள்ளிவிட்டு எடுத்தேன். "அம்மா?" என்றாள். "அம்மா வாக்கிங் போயிருக்கா" என்றேன். மெதுவாக, "வச்சிடட்டுமாப்பா?" என்று கேட்டாள். "வேணாம், வேணாம், வைக்காதே" என்று நான் போட்ட சத்தத்துக்குப் போனே தேவைப்பட்டிருக்காது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "மூணு வாரமா தினம் அடிக்கிறேன், தினம் என்கேஜ்டு. உங்களுக்கு என்ன ஆச்சோன்னு பயந்துட்டேன். அப்படி யாரோடப்பா மணிக்கணக்கா பேசிட்டிருந்தீங்க?" என்றாள்.

"உன்கூடத்தான்" என்றேன்.

விஷயத்தைச் சொன்னேன். கணினி இணைப்பில் இருக்கும்வரை கம்பி அதன் கையில்தான் இருக்கும், வெளியிலிருந்து யார் அடித்தாலும் கிடைக்காது என்று அவள் எனக்கு விளக்கினாள். விளக்கிவிட்டு அழுதுகொண்டே சிரித்தாள். அந்த ஐந்தாவது வரியை வாயாலேயே சொல்லிவிட்டேன் ஐயா. "அன்னிக்கு நான் சொன்னது தப்பும்மா." அவ்வளவுதான், நான்கே வார்த்தை. "நாளைக்கும் இதே நேரத்துக்கு அடிக்கட்டுமா? நீங்க நடக்கப் போகணுமே" என்றாள். நடப்பதைக் காலையில் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இப்போதுதான் என் மனைவி குடையோடு வந்தாள். ஐந்து சுற்று சுற்றினாளாம். நான் இந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே, "அங்கே குளிர் குறைஞ்சிடுச்சாம்" என்றேன். அவள் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்து, ரிசீவரின் மேல் கையை வைத்தாள். வைத்த கையை எடுக்காமலே, "எந்தப் பேப்பர்ல போட்டிருந்தது?" என்று கேட்டாள்.