கம்பளி போர்த்திய சோறு

எங்கள் வீட்டில் பெண்பிள்ளையின் சமையலைப் பற்றிப் பெருமை பேச ஒரு நிபந்தனை உண்டு. கேட்பவர் குறைந்தது நான்கு மணி நேர ரயில் பயண தூரத்தில் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் பேசினால் மறுநாளே கிண்ணத்தோடு வந்து நிற்பார்கள். கோயம்புத்தூர்க்காரர் கிண்ணத்தோடு வர முடியாது என்று அம்மா தைரியமாக இருந்தாள். அவர் வராவிட்டால் நாம் போக வேண்டி வரும் என்பது அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஐந்து வருடங்களுக்கு முன் நான் மட்டாஞ்சேரியிலிருந்து தினமும் பஸ் பிடித்துப் போய் எர்ணாகுளத்தில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்து முடித்திருந்தேன். வகுப்பில் என் பெயர் தமிழத்தி. தமிழைவிட மலையாளம்தான் எனக்கு ஒழுங்காக எழுத வரும், வீட்டில் மீன்கறிக்குக் குடம்புளிதான் போடுவோம். ஆனாலும் சாம்பாரிலிருந்து ஜிகர்தண்டா வரை தமிழ்நாட்டுச் சமையல் பற்றிய எல்லாச் சந்தேகங்களுக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். முதல் வருடம் ஒரு மதியம் அம்மா கட்டிக் கொடுத்த எலுமிச்சைச் சோற்றை ஒரு வாய் எடுத்துக்கொண்டு தோழி ஷெரின் கேட்டாள்: “எடீ, இது நீ தன்னே உண்டாக்கியதாணோ?”

“பின்னே” என்றேன். (வேறு யாராம் என்று அர்த்தம்.)

அந்த ஒரு வார்த்தையால் மூன்று வருடம் என்னைச் சமையல் ராணியாக நினைத்துக்கொண்டார்கள். புளிச்சோறு, தயிர்ச்சோறு, அடை எல்லாம் நான் செய்ததாகவே கல்லூரிக் கணக்கில் ஏறின. அவற்றைச் செய்தவளோ காலை ஏழு மணிக்கே செம்மீன் கம்பெனியில் இறால் உரிக்கப் போயிருப்பாள்.

எனக்கு உண்மையாகவே தெரிந்தது ஒன்றே ஒன்று. சோறு வடிப்பது. எங்கள் ஊரில் அநேகமாக எல்லோர் வீட்டிலும் ஒரு டிரம் இருக்கும். வெளியே பிளாஸ்டிக், நடுவில் தெர்மோகோல், உள்ளே ஸ்டீல் பானை. சிவப்புக் கோடு போட்ட தடித்த மட்டை அரிசியை நிறையத் தண்ணீரில் இருபது நிமிடம் கொதிக்க விட்டு, பானையோடு டிரம்முக்குள் இறக்கி மூடிவிட வேண்டும். அதன் பிறகு கல்லூரிக்குப் போகலாம், தூங்கலாம், பக்கத்து வீட்டுச் சண்டையை வேடிக்கை பார்க்கலாம். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்து வடித்தால் ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக நிற்கும். இப்படி அடுப்பின் பக்கமே நிற்காமல் நான் வடித்த சோற்றைப் பார்த்து, எனக்குக் கைப்பக்குவம் இருப்பதாக நானே முடிவு செய்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் எனக்கு எம்.எஸ்சி. இடம் கிடைத்தது. அப்பாவுக்குக் கார்ப்பரேஷனில் வேலை. ஆபீஸ் முழுக்க லட்டு கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தவர், படிவத்தில் ‘விடுதி’ என்ற வார்த்தையைப் பார்த்ததும் முகம் மாறினார்.

“ஹாஸ்டலொண்ணும் வேண்டா. சொந்தத்துல ஆளில்லாத ஊராக்கும்? அக்கா வீடு இருக்குல்லா.”

அக்கா என்றால் என் அத்தை. இருபத்தைந்து வருடங்களுக்கு முன் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போனவர். எல்லையில் வாளையார் தாண்டியதுமே கொச்சியை மறந்துவிட்டவர். அப்பா போன் செய்தார். அத்தை ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“எனக்கு முட்டி வலி தம்பி. ரெண்டு வேளையும் ஆக்கிப்போட முடியாது. புள்ளைக்குச் சமைக்கத் தெரியுமா?”

அம்மா போனைப் பிடுங்கினாள். “என்ன அண்ணி இப்படிக் கேட்டுட்டீங்க. அடுக்களை முழுக்க அவ கையிலதான். நான் கம்பெனிக்குப் போயிட்டா ஊருபட்ட வேலையும் அவதான்.”

என் அண்ணன் பிரகாஷ் மூன்று வருடம் பெங்களூரு விடுதியில் இருந்தவன். அவன் படித்தது ஹோட்டல் மேனேஜ்மென்ட். சமையல் படிக்கப் போகிறவனிடம் கூட உனக்கு வெந்நீராவது வைக்கத் தெரியுமா என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. எண்பத்தொன்பது சதவீதம் வாங்கிக் கெமிஸ்ட்ரி படிக்கப் போகிற என்னிடம் கேட்டார்கள். அன்று எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சமையல் ராணி என்ற மிதப்பில் இருந்ததால் வரவில்லை. இப்போது சேர்த்து வருகிறது.

திங்கட்கிழமை பணம் கட்டக் கடைசி நாள். சனிக்கிழமை காலையில் நாங்கள் நால்வரும் ரயிலேறினோம். அம்மா எர்ணாகுளம் பிராட்வேயில் வாங்கிய அல்வாவும் நேந்திரங்காய் வறுவலும் பையின் மேலே இருந்தன. என் மார்க் லிஸ்ட் அவற்றுக்கு அடியில் எண்ணெய் குடித்துக்கொண்டிருந்தது.

அத்தை வாசலிலேயே விஷயத்துக்கு வந்துவிட்டார். “நாளைக்கு என்ற பெரிய பொண்ணோட மாமனார் மாமியார் சாப்பிட வர்றாங்க கண்ணு. உன்ற சமையலையே அவங்களும் சாப்பிட்டுப் பார்க்கட்டும்.”

அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் சமயோசிதம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் “சும்மா காய் நறுக்கிக் குடுக்கேன்” என்று உள்ளே போனவள், அத்தை குளித்து வருவதற்குள் சாம்பார், பொரியல், கோழிக்குழம்பு மூன்றையும் இறக்கிவிட்டாள். சோறு மட்டும் பாக்கி. அப்போது அத்தை ஈரத் தலையோடு வந்து, “நீ வா, நாம கோயிலுக்குப் போயிட்டு அப்படியே சம்பந்தியைக் கூட்டிட்டு வந்துரலாம்” என்று அம்மாவைக் கையோடு இழுத்துப் போனார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“சோறு ஒண்ணுதானே. அது கண்ண மூடிட்டு வைப்பேன்” என்றேன். கண்ணைத் திறந்துகொண்டு வைத்திருக்கலாம்.

ஒன்பது பேருக்கு அளந்து எடுத்த அரிசி வெள்ளையாக, மெலிசாக இருந்தது. பொன்னி. அழகான அரிசி என்று நினைத்தேன். அதற்கு மேல் என் மூளை ஒன்றும் நினைக்கவில்லை. நிறையத் தண்ணீர், இருபது நிமிடம் கொதி, எல்லாம் முறைப்படி. அப்புறம் டிரம்மைத் தேடினேன். அலமாரி, பரண், கட்டிலுக்கடியில் எங்கேயும் இல்லை. இவ்வளவு பெரிய வீட்டில் ஒரு டிரம் இல்லையா என்று அத்தைக்காகப் பரிதாபப்பட்டேன்.

டிரம் வாங்குவதற்கு முன்பு அம்மா பானையைப் பழைய போர்வையில் சுற்றி வைப்பாள். அது நினைவுக்கு வந்ததும் என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். பீரோவில் மேலாக ஒரு கம்பளி இருந்தது. புத்தம் புதியது, ரோஜாப்பூ போட்டது. கொதிக்கும் பானையை மூடி, கம்பளியில் நான்கு சுற்றுச் சுற்றி, அத்தையின் கட்டிலில் இரண்டு தலையணைக்கு நடுவே படுக்க வைக்காத குறையாக வைத்தேன். ஒரு படமும் எடுத்துக் கல்லூரிக் குழுவில் போட்டேன். கீழே ‘ஒன்பது பேருக்குச் சமையல்’ என்று எழுதினேன்.

ஷெரின் உடனே பதில் போட்டாள்: “பிரசவம் கழிஞ்ஞோ? ஆணோ பெண்ணோ?”

பன்னிரண்டரைக்கு எல்லோரும் வந்தார்கள். கூடத்தில் இலை போட்டாயிற்று. அப்பா, அண்ணன், மாமா, சம்பந்தி இருவர், அத்தையின் கடைக்குட்டி நந்தினி (அப்போது எட்டாம் வகுப்பு) எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். நான் பானையைக் கம்பளியோடு சுமந்து சமையலறைக்குப் போனேன். கம்பளி ஈரமாக இருந்தது. மூடியைப் பிடித்துக்கொண்டு கஞ்சி வடிக்கப் பானையைச் சாய்த்தேன். ஒன்றும் வரவில்லை. இன்னும் சாய்த்தேன். பானை கிட்டத்தட்டத் தலைகீழாக நின்றது. அப்போதும் ஒரு சொட்டு வரவில்லை.

மூடியைத் திறந்தேன். உள்ளே அரிசி என்ற ஒன்று இருந்ததற்கான அடையாளமே இல்லை. வழவழவென்று வெள்ளையாக, ஒரே பரப்பாக இருந்தது. கரண்டியைக் குத்தினேன். அது கொடிக்கம்பமாக நின்றது. ஸ்டார்ச் சூட்டில் எப்படி நீரை உறிஞ்சிக் குழைகிறது என்று படம் போட்டு எழுதி முழு மார்க் வாங்கியவள் நான்.

பின்னால் அத்தை வந்து நின்றார். பானையைப் பார்த்தார். கம்பளியைப் பார்த்தார். எதற்கு முதலில் அழுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

“கண்ணு, இது என்ன, களியா?”

“மட்டை அரிசின்னா இப்படி ஆகாது அத்தை” என்றேன். அதைவிடப் பேசாமல் இருந்திருக்கலாம்.

வேறு வழியில்லாமல் அதையே கொஞ்சம் இலையில் வைத்தார்கள். வைத்தார்கள் என்பது சரியில்லை. கரண்டியிலிருந்து அது இறங்க மறுத்தது, உதறித்தான் விழ வைக்க வேண்டியிருந்தது. சாம்பார் அதற்குள் போகாமல் சுற்றி ஓடியது. அண்ணன் மட்டும் தன் படிப்பைக் காட்டும் சந்தர்ப்பமாக எடுத்துக்கொண்டான். “இத்தாலியில சோத்த இப்படித்தான் வைப்பாங்க” என்றான். யாரும் இத்தாலியைப் பொருட்படுத்தவில்லை.

சம்பந்தியம்மா விரலை இலையில் ஒட்டி எடுத்துப் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டார். “புள்ள படிக்க வந்துருக்குதுங்களா, இல்ல போஸ்டர் ஒட்ட வந்துருக்குதுங்களா?”

அதற்குள் அவர் பார்வை சமையலறை வாசலில் கிடந்த கம்பளி மேல் விழுந்தது. அது அவர்கள் கல்யாணத்தில் எதிர்ச்சீராகக் கொடுத்த கம்பளி என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ரசித்துச் சாப்பிட்டவர் மாமா ஒருவர்தான். போன வாரம்தான் அவருக்கு நான்கு பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். “இன்னுங் கொஞ்சம் வெய்யி கண்ணு” என்று அவர் இரண்டாம் தடவை கேட்டபோது அத்தை பார்த்த பார்வையில் அவர் மறுபடி வாயைத் திறக்கவில்லை. மற்றவர்களுக்கு அண்ணன் போய் மெஸ்ஸிலிருந்து பார்சல் வாங்கி வந்தான். அவனுடைய ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிப்பு எங்கள் குடும்பத்துக்குப் பயன்பட்டது அந்த ஒரு நாள்தான்.

சம்பந்தி கிளம்பியதும் அத்தை தீர்ப்பு சொன்னார். “தப்பா நெனச்சுக்காத தம்பி. சோறு வடிக்கத் தெரியாத புள்ளைய ரெண்டு வருஷம் என்ற ஊட்டுல வெச்சுக்க என்னால ஆகாது.”

நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவமானத்துக்காக அழுததைவிட அந்த இடத்துக்காகத்தான் அதிகம் அழுதேன். அந்தப் படிப்பு எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது. என்னுடைய மூன்று வருடப் படிப்பை ஒரு பானை அரிசி ஒரே மத்தியானத்தில் தின்றுவிட்டது. பையிலிருந்த மார்க் லிஸ்டை அந்த வீட்டில் ஒருவர் கூட எடுத்துப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஊருக்குத் திரும்புவதாக ஏற்பாடு. ஸ்டேஷன் எதிரில் ஒரு கடையில் அப்பா சாயா குடித்தார். பிறகு இன்னொன்று வாங்கிக் குடித்தார். மூன்றாவது சொன்னபோது அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது.

“என்ன ஆலோசிக்கீங்க?”

“ஊருல போயி என்னன்னு சொல்ல? ஆபீஸ் முழுக்க லட்டு குடுத்தாச்சு. பள்ளுருத்தியில இருக்க மச்சான் வரைக்கும் போன் பண்ணியாச்சு. சோறு கொழஞ்சுபோச்சு, அதுனால சீட்டும் போச்சுன்னு சொல்லவா?” டம்ளரைக் கீழே வைத்தார். “அந்தக் காலேஜ் ஹாஸ்டல் எங்கயாக்கும்?”

மகளை விடுதியில் விட்ட அப்பா என்ற பெயரை எங்கள் அப்பா தாங்கிக்கொள்வார். குழைந்த சோற்றுக்கு விளக்கம் சொல்லும் அப்பாவாக அவரால் இருக்க முடியாது. மதியம் பணம் கட்டினோம். விடுதியில் முதல் நாள் போட்ட சோற்றைப் பார்த்ததும் எனக்குத் துக்கமெல்லாம் போய்விட்டது. அதுவும் என்னுடையதைப் போலத்தான் இருந்தது.

அதற்குப் பிறகுதான் கதை மாறியது. வேண்டுமென்றே சோற்றைக் குழைத்துக் காரியம் சாதித்துக்கொண்டேன் என்று முதலில் சொன்னவன் அண்ணன். அப்பா அதை நம்பினார். அம்மா, “அவ பெரிய காரியக்காரி” என்று செம்மீன் கம்பெனியில் பெருமையாகவே பரப்பினாள். உண்மையில் அரிசிக்கு அரிசி வேகும் நேரம் மாறும் என்பதே தெரியாத மண்டு நான் என்று ஒரு வருடம் சத்தியம் செய்து பார்த்தேன். ஒருவரும் நம்பவில்லை. பிறகு விட்டுவிட்டேன். மண்டு என்பதைவிடக் காரியக்காரி என்றால் எங்கள் வீட்டில் கொஞ்சம் பயப்படுகிறார்கள். இப்போது எங்கள் சொந்தத்தில் எந்தப் பெண் எதற்கு அனுமதி கேட்டாலும், “பீரோவுல கம்பளி இருக்கான்னு பாரு” என்று யாராவது சொல்லாமல் இருப்பதில்லை.

போன மாதம் அத்தை போன் செய்தார். நந்தினிக்குச் சென்னையில் இடம் கிடைத்திருக்கிறதாம். ஹாஸ்டல் கூடாது, மாமாவின் தங்கை வீட்டில் இருக்கட்டும் என்று அத்தை அவளையும் கூட்டிக்கொண்டு அங்கே பேசி முடிக்கப் போயிருக்கிறார்.

“அங்க அவ சோறு வெச்சா. நல்லா ஆக்கற புள்ள, எட்டாவது படிக்கறப்ப இருந்து நாந்தான் பழக்கி வெச்சிருக்கேன். போர்வைல சுத்தி வெச்சுட்டா. மூணு கிலோ அரிசியும் களி. நெசத்தைச் சொல்லு கண்ணு, நீதான் சொல்லிக் குடுத்தியா?”

இல்லவே இல்லை என்றேன். அது உண்மைதான். சொல்லிக் கொடுக்கவெல்லாம் இல்லை. முந்தின வாரம் நந்தினி கூப்பிட்டு எத்தனை நிமிடம் கொதிக்க விட வேண்டும் என்று மட்டும் கேட்டாள், நான் இருபது என்று மட்டும் சொன்னேன்.