ஆய்வில் கலந்துகொண்டவர்: ஒருவர்

ஆராய்ச்சி என்று ஒன்று வந்து என் கண்ணெதிரே நிரூபிக்கிறவரை எவனும் என் வாய்க்குள் இடுக்கியை விட முடியாது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், வீங்கிய கன்னத்தோடு நான் எடுத்த சபதம் இது. மலைமேல் வளப்பூர் நாட்டில் ஒன்றரை ஏக்கர் மிளகுக்கும் பதினாறு பலா மரத்துக்கும் சொந்தக்காரன் இந்த அர்த்தனாரி. சபதம் எடுப்பதில் எனக்குச் சிக்கலே கிடையாது. பல் எடுப்பதில்தான் சிக்கல்.

வலி இடது மேல் கடைவாய்ப்பல்லில். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளலாம் என்றால், கடிக்கத்தான் முடியவில்லை. இதில் என் மனைவி பரிமளா வேறு. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவளிடம் தோற்றதாக நான் ஒருமுறைகூட ஒப்புக்கொண்டதில்லை.

"ஏனுங்க, நாளைக்கு மொதல் பஸ்ஸுக்குக் கீழ போயிட்டு வந்தரலாமுங்க. கன்னம் பலாப்பிஞ்சாட்டம் இருக்குது."

"மேல் பல்லைப் புடுங்குனா கண்ணு போயிரும் புள்ள. ஆராய்ச்சியே சொல்லுது."

"எந்த ஆராய்ச்சிங்க?"

"காளியண்ணன் போன்ல அனுப்புனான்."

"பக்கத்துத் தோட்டத்துக் காளியண்ணனா? அவரு எப்பங்க ஆராய்ச்சி பண்ணுனாரு?"

"அவனுக்கு அவன் மச்சான் அனுப்புனது."

"எத்தனை பேத்தைப் பாத்துச் சொன்னாங்க? எத்தனை வருசம் பாத்தாங்க? செலவுக்குக் காசு யாரு குடுத்தாங்க? இந்த மூணும் தெரியாம எந்த ஒடம்புச் சேதியும் நம்பாதீங்கன்னு எங்க குழு ஆபீஸ் ட்ரெய்னிங்ல சொன்னாங்க."

அவளுடைய மகளிர் குழு ஆபீஸ் பஸ் ஸ்டாப் பக்கம் இருக்கிறது. மதியம் இரண்டு மணிக்கு மிளகுப் பாக்கெட் ஒட்டப் போனால் ஐந்துக்கு வருவாள். அவள் கேட்ட மூன்று கேள்வியும் எனக்குப் பிடித்துப்போயின. நன்றி சொல்லவில்லை. திருடி வைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் போன் வெறும் டார்ச் லைட். சிக்னல் வேண்டுமென்றால் காட்டுக்கு மேலே இருக்கும் ஆனைப்பாறைக்கு ஏற வேண்டும். அவள் ஆபீஸ் போனதும் ஆராய்ச்சி தேட ஏறினேன். மூன்று மணிக்கே மேகம் இறங்கிவிட்டது. நீட்டிய கை தெரியவில்லை. ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. எங்கோ இலையிலிருந்து தண்ணீர் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

போன் சிணுங்கியது. தெரியாத நம்பர்.

'பல் நலச் செய்தி. இடது மேல் கடைவாய்ப்பல் சொத்தையான ஆண்கள், வலியை மறைக்க வலது பக்கமாகச் சிரிப்பதாக ஆய்வு கூறுகிறது. இவர்கள் மிளகுத்தூளைப் பல்லில் அடைத்துக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறார்கள்.'

அப்போது என் பல்லில் மிளகுத்தூள் இருந்தது. முதுகில் யாரோ ஈரத்துணியைப் போட்டதுபோல் இருந்தது எனக்கு. எங்கள் மலையில் சிரிப்பு என்றாலே ஒரு பயம் உண்டு. பாவை ஒருத்தி சிரித்தே ஆளைக் கொல்வாள் என்பார்கள். அவள் பல் எப்படி இருக்கும் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. பார்த்தவன் திரும்பி வந்தால்தானே சொல்ல?

ஆனாலும் நான் ஏமாறுகிற ஆளா? திருடி வைத்திருந்த மூன்று கேள்வியையும் ஒவ்வொன்றாக அனுப்பினேன்.

'எத்தனை பேரை ஆய்வு செய்தீர்கள்?'

'ஒருவர்.'

'எத்தனை வருடம்?'

'இருபத்தாறு.'

'பணம் கொடுத்தது யார்?'

'ஆய்வுக்கு உள்ளானவரே. அவருக்குத் தெரியாது.'

அசந்துவிட்டேன். ஒரே ஆளை இருபத்தாறு வருடம் விடாமல் பார்ப்பதென்றால் எவ்வளவு பொறுமை வேண்டும்! பாவம், எந்த நாட்டு விஞ்ஞானியோ என்று இரக்கப்பட்டேன்.

புதன்கிழமையும் ஏறினேன். மேகம் இன்னும் கனம். 'நீங்கள் யார்?' என்று கேட்டேன். போனைச் சட்டையில் துடைத்துக்கொண்டு காத்திருந்தேன். பிறகு அதே நம்பரிலிருந்து சிணுங்கியது.

'இப்போது நாக்கால் அந்தப் பல்லைத் தொடுகிறீர்கள்.'

நாக்கை இழுத்துக்கொண்டேன். சுற்றிலும் பார்த்தேன். நாலு பக்கமும் வெள்ளை. சொட்டும் சத்தமும் நின்றுபோயிருந்தது. நாக்கு தானாக அந்தப் பல்லுக்கே போனது.

மறுபடி சிணுங்கியது.

'மறுபடியும்.'

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. வீட்டுக்கு வந்து பார்த்தால் காலில் ஒரு செருப்புதான் இருந்தது. பரிமளாவும் அப்போதுதான் உள்ளே வந்தாள்.

"ஏனுங்க ஒத்தைச் செருப்போட நிக்கிறீங்க?"

"காத்து வாங்கப் போனேன்."

அவள் கிட்டே வந்து என் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"வீக்கம் கண்ணுக்குக் கீழ வரைக்கும் வந்துருச்சுங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க. நெசமாலுமே பயமா இருக்குது."

எனக்கும் பயம்தான். சபதத்தை நினைத்து, "ஆராய்ச்சி முடியட்டும் புள்ள" என்றேன்.

வியாழக்கிழமை காய்ச்சலோடு ஏறினேன். ஒரே கேள்வி கேட்டேன்: 'ஆய்வின் முடிவு என்ன?'

'பல் இருக்கும், அல்லது ஆள் இருப்பார். இரண்டும் சேர்ந்து வெள்ளிக்கிழமையைத் தாண்டியதாகப் பதிவு இல்லை.'

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் எனக்குத்தான் முதல் சீட்டு. எழுபது கொண்டை ஊசி வளைவிலும் பரிமளா என் கையை விடவில்லை. அடிவாரத்து டவுனில் பல் டாக்டர் நாசியா என் வாயைத் திறந்து பார்த்ததும் முகம் மாறினார்.

"இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா பெரியாஸ்பத்திரியிலதான் படுத்திருப்பீங்க."

"மேல் பல்லை எடுத்தா கண்ணு போயிருமுங்களா?"

"போகாதுங்க. எடுக்காம விட்டாத்தான் சீழ் கண்ணு வரைக்கும் ஏறும்."

எடுத்துவிட்டார். ஊசி போட்டதில் எறும்பு கடித்த வலிகூட இல்லை. இதற்கா இத்தனை சபதம் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. பிறகு டாக்டர் பரிமளாவைப் பார்த்துச் சொன்னார்: "அந்தக் குழியை நாக்கால தொடக்கூடாதுங்க. ரெண்டு வேளையும் பல்லு வெளக்கணும். கேப்பாருங்களா?"

"கேக்க வெச்சிருவோமுங்க" என்றாள் பரிமளா. நான் பஞ்சு வாயோடு முறைத்தேன். ஒரு வேளை விளக்குவதே நான் பல்லுக்குக் காட்டும் மரியாதை.

வீட்டுக்கு வந்ததும், மறுபடி போக வேண்டிய தேதியைக் குறிக்கக் காலண்டரிடம் போனேன். காலண்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. 'குழு ஆபீஸ் போன்.' கீழே நம்பர். போனை எடுத்து, ஆய்வுச் செய்தி வந்த நம்பரோடு ஒப்பிட்டேன். பத்து எண்ணும் அதே பத்து எண்.

"பழிமளா!" என்று பஞ்சு வாயோடு கத்தினேன்.

"மூணு வருசமா அங்கதானுங்க ஒட்டியிருக்குது" என்றாள் அவள், பாத்திரம் கழுவிக்கொண்டே. "ஒருக்காவாவது போட்டு, சாப்புட்டியான்னு கேட்டிருந்தா உங்களுக்கு நம்பர் தெரிஞ்சிருக்கும்."

சரி, தொலையட்டும். பேயும் இல்லை, பாவையும் இல்லை. மூன்று நாள் பயமும் ஒரே மூச்சில் இறங்கியது. ஒரு சந்தேகம்தான் பாக்கி. பஞ்சைத் துப்பிவிட்டுக் கேட்டேன்.

"எல்லாஞ் செரி. நான் நாக்குல தொட்டது ஆபீஸ்ல இருந்த உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எதுங்க?"

"பொதங்கெழம அனுப்புனியே."

அவள் கை நின்றது.

"பொதங்கெழம நான் அனுப்பலீங்களே. அன்னைக்கி ஆபீஸே பூட்டிக் கெடந்துது. எட்டுக்கை அம்மன் கோயிலுக்குப் போயி, உங்க பல்லுக்கு வேண்டிக்கிட்டு வந்தேனுங்க."

திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சிரிப்பா, நடுக்கமா, பின்னாலிருந்து பார்த்தால் தெரியவில்லை. அன்றைக்கு ஆபீஸ் திறந்திருந்ததா என்று குழுவில் யாரிடமாவது கேட்டால் போதும். கேட்டால் ஏன் என்பார்கள். சொன்னால் ஏழு ஊருக்கும் தெரிந்துவிடும்.

ஆகவே கேட்கவில்லை. இரண்டு வேளையும் பல் விளக்குகிறேன். அந்தக் குழிப் பக்கம் நாக்கைக் கொண்டுபோவதே இல்லை.