நம்ம வீட்டுக்குன்னே ஒரு புயல்

மத்தியானம் ஸ்ட்ரா மறுபடியும் இறங்கிவிட்டது.

இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, மேஜைக்கு நேர் மேலே இருந்த பலகையை அண்ணாந்து பார்த்தார். பலகையில் ஒரு கண்ணாடி ஜாடி. அதன் வாயில் ஒரு பலூனை வெட்டி இழுத்துக் கட்டி, நடுவில் ஒரு ஸ்ட்ராவைப் படுக்கவைத்து ஒட்டியிருந்தது. ஸ்ட்ராவின் நுனிக்குப் பின்னால் சுவரில் ஒரு காகிதம். மேலே ‘நல்ல வானிலை’, நடுவில் ‘மழை’, கீழே ‘புயல்’ என்று மகள் கலர் பென்சிலால் எழுதியிருந்தாள். புயலுக்குப் பக்கத்தில் கூரை பறந்துபோன ஒரு வீடு. அதன் வாசலில் நின்றிருந்த ஆளுக்கு இஸ்திரிக்காரரின் மீசை.

பள்ளிக்கூடத்தில் கொடுத்த வேலை அது. கடுமையான வானிலையைப் புரிந்துகொள்வதும் அதற்குத் தயாராவதும் என்று தலைப்பு. வெளியே காற்றழுத்தம் குறைந்தால் பலூன் உப்பும், ஸ்ட்ராவின் நுனி இறங்கும், மழையோ புயலோ வரும். மகள் ஒப்பித்ததை அவர் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். யார் கையும் தெரியாமல் படாத பத்திரமான இடம் என்று பலகையைக் காட்டியதும் அவர்தான்.

அவருக்குக் காற்று என்றாலே பயம். போன வருடம் ஆஸ்பத்திரித் துணிகள் மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்தபோது சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சூறாவளி வந்தது. டாக்டர் கோட்டுகள் தெருத்தெருவாகப் பறந்தன. ஒரு கோட்டு மட்டும் மின்கம்பத்தில் மாட்டிக்கொண்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கையை ஆட்டிக்கொண்டே வெகுநாள் தொங்கியது. ஆஸ்பத்திரிக்காரர்கள் அத்தோடு அவரைத் தலைமுழுகிவிட்டார்கள். மிச்சம் இருந்தது லாட்ஜ் ஒன்றுதான். அதுவும் போனால் தெருவில் நாலு வீட்டுச் சட்டையைத் தேய்த்துக் குடும்பம் நடத்த முடியாது.

லாட்ஜ் மேனேஜர் அன்று காலையில்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். சாயங்காலம் ஒரு பஸ் நிறைய ஆட்கள் வருகிறார்கள், விரிப்பு எல்லாம் அதற்குள் வந்துவிட வேண்டும், இன்னொரு தடவை தாமதமானால் வேறு வழி பார்த்துக்கொள்வேன் என்று. விரிப்புகள் மாடிக் கொடியில் பாதி காய்ந்தும் காயாமலும் தொங்கின. ஒரு வாரமாகவே வானம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

“உங்க மேலதிகாரி என்ன சொல்றாரு?” என்று மனைவி கேட்டாள். ஜாடிக்கு அவள் வைத்த பெயர் அது.

“மழைக்கு வந்துட்டாரு. மாடியில இருக்கறதை எல்லாம் எடுத்துட்டு வா.”

“ரேடியோவுல மேகமூட்டம்னுதான் சொன்னான்.”

“ரேடியோ ஊருக்கே பொதுவாச் சொல்றது. இது நம்ம வீட்டுக்குன்னே சொல்றது.”

வாரம் முழுக்க இதே கதை என்று மனைவி முணுமுணுத்தாள். தினமும் மத்தியானம் ஸ்ட்ரா இறங்கும், துணியை வாரிக்கொண்டு ஓடி வருவார்கள், ஒரு சொட்டு விழாது, ராத்திரி அது மேலே ஏறிவிடும். அதற்கு இஸ்திரிக்காரரிடம் பதில் இருந்தது. புயல் தினமும் கிட்டே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது, ஒருநாள் உள்ளே வரும். போன ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஸ்ட்ரா நாள் முழுக்க ‘நல்ல வானிலை’யிலேயே நின்றது. கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு அதைப் பார்த்தபடி, “காத்துக்கே ஞாயித்துக்கிழமை ரெஸ்ட் வேணும்போல” என்று சொல்லி அவரே சிரித்துக்கொண்டார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஈர விரிப்புகள் கீழே வந்தன. வீட்டுக்குள்ளே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். அப்படியே விட்டால் நாளைக்கும் காயாது. பரணில் இருந்த பழைய இஸ்திரிப் பெட்டியையும் இறக்கி, மனைவி கையில் ஒன்று, தன் கையில் ஒன்று என்று இரண்டையும் முழுச் சூட்டில் வைத்துத் தேய்க்கத் தொடங்கினார். ஈரத்துணியிலிருந்து ஆவி புசுபுசுவென்று கிளம்பிப் பலகையைத் தொட்டது.

“அப்பா, மழையைத் தாண்டிடுச்சு,” என்றாள் மகள். அவளுக்குப் பயமும் இருந்தது, தன் ஜாடி இவ்வளவு நன்றாக வேலை செய்வதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அவர் ஜன்னல்களைச் சாத்தினார். இடுக்குகளில் கந்தையைத் திணித்தார். கதவுக்கு அடியில் போர்வையைச் சுருட்டி வைத்தார். உள்ளே மூச்சு முட்டியது. ஸ்ட்ரா நிதானமாக இறங்கி, கூரை பறந்த வீட்டின் வாசலில் நின்ற மீசைக்காரரின் தலையில் போய் உட்கார்ந்தது.

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவின் கூரை வெறும் தகரம். அதை நினைத்தபோது அவருக்கு மனசு கேட்கவில்லை. ஓடிப்போய் அவளையும், அவள் மாமியாரையும், தையல் மெஷினையும், பாதி கொதித்த குழம்புச் சட்டியையும் கூட்டிக்கொண்டு வந்தார். மாமியாருக்குச் சட்டியைவிட்டால் வேறு எதிலும் நம்பிக்கை இல்லை. வரமாட்டேன் என்று நின்றவள் சட்டி கிளம்பியதும் பின்னாலேயே வந்துவிட்டாள். உள்ளே வைக்க இடமில்லாமல் சட்டியைப் பலகையில், ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

ஸ்ட்ரா காகிதத்தைத் தாண்டி வெறும் சுவருக்கு வந்துவிட்டது.

மகள் இன்னொரு துண்டுக் காகிதத்தைக் கீழே ஒட்டினாள். பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

“புயலுக்குக் கீழ என்ன எழுதணும்பா?”

தையல்காரம்மா மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அதைச் செய்ததில்லை.

“ஒண்ணும் எழுதாதம்மா,” என்றார் இஸ்திரிக்காரர். “காலியா விடு.”

அப்போதுதான் மகளுக்குப் பாடம் நினைவு வந்தது. புயல் நெருங்கினால் முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும் என்றாள். அவர் இரண்டு இஸ்திரிப் பெட்டிகளையும் பார்த்தார். குவிந்து கிடந்த ஈர விரிப்புகளைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். மெயின் சுவிட்சை இறக்கினார்.

இருட்டில் ஸ்ட்ரா தெரியவில்லை. அது தெரியாமல் உட்கார்ந்திருப்பது இன்னும் பயமாக இருந்தது. அதனால் மெழுகுவர்த்திகளைக் கொளுத்தி, ஜாடியைச் சுற்றிப் பலகையில் வரிசையாக நட்டார்கள். பலூன் சாப்பிட்டு முடித்த வயிறு மாதிரி உப்பியது. ஸ்ட்ரா பலகையையே தொட்டுவிட்டது. இனி இறங்க அதற்கு இடமில்லை.

“அண்ணா,” என்றாள் தையல்காரம்மா மெல்ல. “போன மாசம் உங்க சட்டைக்குப் பட்டன் வெச்சேனே, அதுல ஒண்ணு வேற கலர். நூலும் சரியில்ல. மன்னிச்சிடுங்க.”

“பரவாயில்லம்மா. உன் வெள்ளைப் புடவையில இருந்த கருகல், நீ வாங்கும்போதே இருந்துச்சுன்னு சொன்னேன் இல்ல. அது நான்தான்.”

மனைவியும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கதவு தடதடவென்று ஆடியது.

“காத்து வந்துடுச்சு,” என்றார் இஸ்திரிக்காரர். “யாரும் திறக்காதீங்க.”

காற்று மறுபடியும் தட்டியது. பிறகு இஸ்திரிக்காரரைத் திட்டியது. லாட்ஜ் மேனேஜரின் குரல் என்று தெரிந்ததும் அவர் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, மேனேஜரின் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்து, மறுபடி சாத்தினார். உயிருக்கு ஆபத்து சார், இப்படி மூலையில் உட்காருங்கள் என்று கெஞ்சினார்.

மேனேஜர் உட்காரவில்லை. மெழுகுவர்த்திகளைப் பார்த்தார். தையல் மெஷினைப் பார்த்தார். கையைக் கோத்துக்கொண்டிருந்த மாமியாரையும் மருமகளையும் பார்த்தார். கடைசியில் தன் லாட்ஜின் விரிப்புகளைப் பார்த்து, ஒன்றைத் தொட்டார். அது சொதசொதவென்று இருந்தது.

“யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?”

புயல் வருகிறது என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

மேனேஜர் கதவை அகலத் திறந்தார். வாசலில் சாயங்கால வெளிச்சம் மங்கலாகக் கிடந்தது. எதிர்வீட்டு மரத்தில் ஓர் இலைகூட ஆடவில்லை.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் இஸ்திரிக்காரருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். டிரைவரைக் கூப்பிட்டு ஈர மூட்டைகளை வேனில் ஏற்றச் சொன்னார். போகும்போது மட்டும் திரும்பினார்.

“நாளைக்கே துணி காயவெக்கிற மெஷின் ஒண்ணு வாங்கறேன். அது வானத்தைப் பார்த்துட்டு நிக்காது.”

வேன் போன சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. தையல்காரம்மாவும் மாமியாரும் மெஷினையும் சட்டியையும் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். கை கோத்த நினைவே இல்லாமல், குழம்பு ஆறிப்போனது யாரால் என்று வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். திறந்த கதவு வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வந்து மெழுகுவர்த்திகளை அணைத்தது. ஸ்ட்ரா மெதுவாக எழுந்து, புயலைத் தாண்டி, மழையைத் தாண்டி, மேலே போய் நின்றது.

“திசை மாறிடுச்சு,” என்றார் இஸ்திரிக்காரர். கண் கலங்கியிருந்தது. லாட்ஜ் போய்விட்டது. ஆனால் மனைவி இருக்கிறாள், மகள் இருக்கிறாள், கூரை தலைக்கு மேலேயே இருக்கிறது. எது வந்திருந்தால் எது போயிருக்கும் என்று மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்து, ஒருவழியாகத் தேற்றிக்கொண்டார். மனைவி கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துச் சுருட்டினாள்.

மகளின் டீச்சர் தன் துணியை வாங்கிக்கொள்ள வந்தது அப்போதுதான். அதுவும் இன்னும் தேய்க்காமல் கிடந்தது. அஞ்சு நிமிஷம் என்று சொல்லி, அவர் மெயின் சுவிட்சைப் போட்டு, பெட்டியைச் சூடாக்கித் தேய்க்கத் தொடங்கினார். இனி இந்த ஒரு துணிதான் வேலை என்பதுபோல மடிப்பு மடிப்பாக, அழுத்தி அழுத்தித் தேய்த்தார். நடந்ததை மகள் டீச்சரிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். தான் செய்த ஜாடி ஒரு நாள்கூடத் தவறவில்லை, தினமும் மத்தியானம் இறங்கிவிடும், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நல்ல வானிலை என்றாள்.

சொல்லிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்து நிறுத்தினாள்.

“அப்பா, மறுபடியும் இறங்குது.”

இஸ்திரிக்காரரின் கை அப்படியே நின்றது. டீச்சர் எட்டி ஜாடியைத் தொட்டுப் பார்த்தார். கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். ஜாடியிலிருந்து அவர் பார்வை நேர் கீழே இறங்கி மேஜைக்கு வந்தது. அங்கே ஆவி விட்டுக்கொண்டிருந்த பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கியவர்போலக் கேட்டார்.

“இந்த இஸ்திரிப் பெட்டிக்கு ஞாயித்துக்கிழமை லீவா?”