ஓட்டில்லாத உறுப்பினரும் பைலா அண்ணனும்

செஞ்சியில் என் ரத்தக் கொதிப்புக்கு முழுப் பொறுப்பு ஒரே ஒரு ஆள்தான். வாழை இலைக் கடை வைத்திருப்பவர். எங்கள் வியாபாரிகள் சங்கத்தின் பைலா, அதாவது விதிமுறை, அவருக்குத் தலைகீழ்ப் பாடம் என்பதால் ஊருக்கே பைலா அண்ணன். அவரோடு வாதம் செய்வதற்குச் சித்திரை வெயிலில் ராஜகிரிக் கோட்டை ஏறி இறங்கலாம்.

தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை போட்டுச் சங்கத்தில் சேர்ந்த அன்றே என்னை மடக்கினார்.

"புது மெம்பரா? ஒரு வருஷத்துக்கு வோட்டு கிடையாது."

"சந்தா கட்டிட்டேனே அண்ணே."

"கட்டுனா ரசீது குடுப்பாங்க. வோட்டு குடுக்க மாட்டாங்க."

முதல் கூட்டத்தில் போண்டாவா பஜ்ஜியா என்று கேட்டார்கள். பஜ்ஜிக்குக் கை தூக்கினேன். பின்னாலிருந்து வந்து என் கையை இறக்கிவிட்டுப் போனார். அடுத்த கூட்டத்தில் தலையைச் சொறியத்தான் தூக்கினேன். "அந்தக் கைய எண்ணாதீங்க" என்று மேடைக்குக் குரல் கொடுத்தார். மானம் போயிற்று.

அப்புறம் வந்தது பெரிய வம்பு. எல்லாக் கடைக்கும் வாரம் ஒரு நாள் லீவு. திங்களா, ஞாயிறா என்று ஓட்டெடுப்பு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு நாள். அவலூர்பேட்டைக்காரர்கள்கூட என் கடையில் நகல் எடுத்துக்கொண்டுதான் விழுப்புரம் பஸ் ஏறுவார்கள். அன்றைக்கு மூடினால் நான் கடையைக் காலி செய்ய வேண்டியதுதான். பைலா அண்ணனுக்கோ ஞாயிறுதான் கல்யாணம், காதுகுத்து, இலை வியாபாரம் எல்லாம்.

கூட்டத்தன்று காலையில் கடைக்கு வந்தார்.

"உனக்கு இன்னா வேணும்? எந்த நாள் லீவு?"

"ஞாயிறு. எனக்குத்தான் வோட்டே இல்லயே, எதுக்குக் கேக்கறீங்க?"

"ஆமா, இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு வந்த எரிச்சலில் ஒருவரின் ஆதார் கார்டை முன்பக்கம் மட்டுமே நகல் எடுத்துத் தள்ளினேன்.

சாயங்காலம் கூட்டம். திங்களுக்கு ஒரு கூட்டமே கை தூக்கியது. அவர் தூக்கவில்லை. ஞாயிறு என்றதும் தூக்கினார். ஒரே ஓட்டில் ஞாயிறு ஜெயித்தது.

தலைவர் பதறிப்போய், "அண்ணே, மாத்தித் தூக்கிட்டீங்க" என்றார்.

"தெரிஞ்சுதான் தூக்கனேன். அவனுக்கு வோட்டு இல்லன்னு அடிச்சுப் பேசனது நானு. அவன் பொழப்பு போவுதுன்னா, அவனுக்குப் பதிலா நான்தான தூக்கணும்?"

நான் சட்டென்று எழுந்து, இலைக் கடைக்கு மட்டும் ஞாயிறு விலக்குக் கொடுக்கலாமே என்றேன்.

"முடிஞ்ச தீர்மானத்த ஒரு வருஷம் தொடக்கூடாது. உனக்குத் தீர்மானம் கொண்டாற உரிமையும் கெடையாது. உக்காரு."

உட்கார்ந்தேன். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது?

ஞாயிறு கடை இல்லாததால் சனிக்கிழமை சாயங்காலம் அவரிடம் இலை மீந்துபோகிறது. ஏன் எதற்கு என்று சொல்லாமல் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். எங்கள் வீட்டில் இப்போது தோசைகூட வாழை இலையில்தான்.