வைப்ரேஷன் ஐயாவின் படகு

ஓடுகிற இயந்திரத்தை ஓடாதது போல நிற்கவைக்க மனிதனால் முடியாது என்று யாராவது சொன்னால், அவர் வைப்ரேஷன் ஐயாவைச் சந்தித்ததில்லை என்று அர்த்தம். கண்டியில் இருபத்தெட்டு வருஷம் அரசாங்கக் கந்தோரில் குப்பை கொட்டியவன் நான். எத்தனையோ பொறியியலாளர்களைப் பார்த்திருக்கிறேன். ஐயா பொறியியலாளர் அல்ல, அவர்களுக்கு வரைபடம் வரைகிறவர். ஆனால் அவர் பக்கத்தில் மற்றவர்கள் எல்லோரும் பட்டம் வாங்கிய பொழுதுபோக்குக்காரர்களாகத்தான் தெரிந்தார்கள்.

அதிர்வு என்பது அவருக்குச் சொந்தப் பகை. வேலைக்கு வந்த முதல் வாரமே, கந்தோரில் இருந்த ஒவ்வொரு தட்டச்சு இயந்திரத்தின் காலுக்கும் பழைய செருப்பை வெட்டி வைத்தார். கடகடவென்று ஆடிய மின்விசிறியை, கந்தோர்ப் பெரியவர் அதன் கீழே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே மேசைமேல் ஏறிக் கழற்றினார். "இது இன்னும் நாலு நாளில உங்கட தலையில விழும் சேர்" என்று மட்டும் சொன்னார். பெரியவர் கதிரையை நகர்த்திக்கொண்டார். அன்று வைத்த பெயர்தான் வைப்ரேஷன் ஐயா.

அவர் யாழ்ப்பாணத்துக்கு அப்பால் ஒரு தீவுக்காரர். யுத்தத்தால் பாதை பூட்டிக் கிடந்த காலம். லீவு வந்தால் நான் புசல்லாவைக்குப் போய்விடுவேன், மற்றவர்களும் அவரவர் ஊருக்குப் போவார்கள். ஐயாவுக்குப் போக இடமில்லை. கடலில் பிறந்த மனிதர், மலைக்கு நடுவில் ஒற்றை அறையில் எத்தனை நாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்? ஒருநாள் கண்டிக்குப் பக்கத்தில் திகனையில், அணைக்கட்டு வேலைக்கு வந்த வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன சின்ன உல்லாசப் படகு ஒன்றைக் கண்டுபிடித்தார். இரண்டு பேர் படுக்கக்கூடிய அறை, ஒரு ஜன்னல், அதன்மேல் ஒரு பல்லிக் குடும்பம். அதைத் திருத்தி அங்கிருந்த நீர்த்தேக்கத்தில் இறக்கினார். லீவு நாளெல்லாம் அதிலேயே வாழ்வது என்று முடிவு செய்தார். வாழ்வதென்றால் விளக்கு, விசிறி, தேத்தண்ணிக் கேத்தல் எல்லாம் வேண்டுமல்லவா? அதற்காகத்தான் ஜெனரேட்டர்.

திகனையில் இரும்புக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம், ஒரு கையால் தூக்கக்கூடிய பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று இருந்தது. அதை முன்தட்டில் வைத்துக் கயிற்றால் கட்டினார். நான் அப்போது திகனையில்தான் வாடகை வீட்டில் இருந்தேன், ஆகவே வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். கயிற்றை இழுத்துக் கிளப்பியதும் ஜெனரேட்டர் நடக்க ஆரம்பித்தது. உண்மையாகவே நடந்தது. கட்டை அவிழ்த்துக்கொண்டு, தண்ணீரில் குளிக்கப் போகிற எருமை மாதிரி விளிம்பை நோக்கிப் போனது. ஐயா குறுக்கே விழுந்து கட்டிப்பிடித்துத்தான் அதைக் காப்பாற்றினார்.

அடுத்த கிழமை அதைப் பலகையோடு சேர்த்து ஆணி முடுக்கிப் பூட்டினார். இப்போது ஜெனரேட்டர் அசையவில்லை, படகு அசைந்தது. முழுப் படகும் தவில் போல் முழங்கியது. கோப்பைகள் ஆடின, ஜன்னல் கழன்றது, பல்லிக் குடும்பம் குடிபெயர்ந்தது. அரை மணித்தியாலத்தில் இரண்டு பேருக்கும் மண்டை பிளந்தது. நான் சத்தத்தால் என்று நினைத்தேன். ஐயா மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, என்னைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். புகை அறைக்குள் வருகிறது, இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருந்தால் இரண்டு பேரும் சுகமாகத் தூங்கிப் போயிருப்போம், பிறகு எழும்பியிருக்க மாட்டோம் என்றார். சொல்லிவிட்டு, ஏதோ பூனை பால் குடித்துவிட்டது என்பது போல அந்த விஷயத்தைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

மூன்றாவது முறை ஜெனரேட்டர் பின்பக்கம் போனது. படகை நங்கூரம் போட்டால் அதன் மூக்கு காற்றைப் பார்த்துத் திரும்பும், அப்போது பின்னாலிருக்கிற புகை பின்னாலேயே போய்விடும், இதுதான் கணக்கு. ஆனால் பாரம் பின்னால் போனதால் படகு நாய் குந்தியிருப்பது போலக் குந்தியது. ஐயா என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, நீர் எவ்வளவு நிறை?" என்றார். சொன்னேன். "இந்த நிறை காணும். முன்னுக்குப் போய் இரும்" என்றார். தண்ணீர்க் கலன்கள் வாங்கும்வரை மூன்று ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே அரசாங்க ஊழியனாக அல்ல, பாரமாக இருந்தேன்.

அதிர்வைப் பிடிக்க, பழைய லொறி எஞ்சினுக்குக் கீழே இருக்கிற இறப்பர்க் கட்டைகளை நானாவிடம் வாங்கினார். எத்தனை வகை இறப்பர், எத்தனை ஆணி, நான் எண்ணவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் பசை ஊற்றிப் படகின் உடம்போடு ஒன்றாக்கினார். பிறகு ஜெனரேட்டரைக் கிளப்பிவிட்டு, அதன் தட்டின்மேல் விளிம்புவரை தேத்தண்ணி நிரப்பிய கிளாசை வைத்தார். பார்க்க வந்திருந்த நானாவோடு மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். தேத்தண்ணியில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. நானா மெதுவாக, "மாஷா அல்லாஹ்" என்றார். பிறகு வியாபாரியின் கண்ணோடு சுற்றிப் பார்த்துவிட்டு, "இத இனிக் கழட்டோணும்ண்டா படகையே வெட்டோணும்" என்றார். ஐயா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

அந்த வருஷ மழை பொய்த்து, தினமும் மணிக்கணக்காகக் கரண்ட் வெட்டினார்கள். ஒருநாள் எங்கோ குண்டு வெடித்ததென்று பட்டப்பகலில் ஊரடங்கும் போட்டார்கள். அன்று பார்த்து என் மனைவி செல்விக்கு மூச்சிழுப்பு வந்தது. அவளுக்கு அது புதிதல்ல, ஆனால் அன்றைக்கு வந்தது வேறு மாதிரி. வீட்டுக்குப் பின்னாலிருந்த சிங்கள டொக்டரின் மருந்துச் சாலைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஊசி போட்டார், சரிவரவில்லை. மருந்தைப் புகையாக்கி மூச்சில் கொடுக்கிற நெபுலைசர் இயந்திரம் அவர் மேசையில்தான் இருந்தது. கரண்ட் இல்லை. பெரியாஸ்பத்திரிக்கு டெலிபோன் செய்தார். சோதனைச் சாவடிகளைத் தாண்டி வண்டி வர இரண்டு மணித்தியாலம் ஆகுமாம். செல்வியின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

படகு கட்டியிருந்த கரைக்கு ஓடினேன். ஊரடங்கில் அகப்பட்ட ஐயா உள்ளே புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். "ஐயா, ஜெனரேட்டர கொடுங்க, செல்விக்கு மூச்சு முட்டுது" என்றேன். அவர் ஜெனரேட்டரைப் பார்த்தார், தன் கையால் முடுக்கிய ஆணிகளைப் பார்த்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் பயத்தைக் கண்டேன்.

"இது கழலாது தம்பி. தங்கச்சியக் கொண்டு வாரும்."

செல்வியைக் கதிரையில் உட்காரவைத்து நானும் ஐயாவும் தூக்கினோம். டொக்டர் நெபுலைசரைக் கைக்குழந்தை போல அணைத்துக்கொண்டு மானாப் புல்லுக்குள் சறுக்கிச் சறுக்கி வந்தார். படகில் ஏற்றியதும் கிளப்புங்கள் என்று கத்தினேன். ஐயா துடுப்பை எடுத்தார். "இங்க காத்தில்ல. போட்டால் புகை உள்ளுக்க நிண்டிடும். ரெண்டு நிமிஷம்" என்றார். அவரை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அவர் கவனிக்கக்கூட இல்லை. வலித்துக்கொண்டே இருந்தார்.

நடுத்தண்ணீருக்குப் போகும்போது மேட்டிலிருந்த காவலரணில் விசில் ஊதினார்கள். ஒரு சிப்பாய் துவக்கை நீட்டிக்கொண்டு நின்றான். ஊரடங்கு நேரம், அணைக்கட்டுள்ள தண்ணீர், படகில் பெட்ரோலோடு தமிழர். டொக்டர் எழுந்து நின்று, கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்பைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, நோயாளி இருக்கிறாள் என்று சிங்களத்தில் கூவினார். ஐயா தலை நிமிரவில்லை. கல் நங்கூரத்தை இறக்கினார். படகின் மூக்கு காற்றைப் பார்த்து மெல்லத் திரும்பும்வரை காத்திருந்தார். பிறகு கயிற்றை ஒரே இழுவை.

ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது. முகமூடிக்குள் மருந்துப் புகை வெள்ளையாக எழுந்தது. பின்னால் கருப்புப் புகை தண்ணீர்மேல் எங்களைவிட்டு விலகிப் போனது. படகு ஒரு கோயில் போல அசையாமல் நின்றது. மேட்டில் சிப்பாய் துவக்கைத் தாழ்த்தினான். கால் மணித்தியாலம் இயந்திரம் ஓடியது. செல்வியின் உதட்டில் நிறம் திரும்பியதை முதலில் கண்டவர் டொக்டர். முதலில் அழுதவன் நான்.

மறுநாள் படையினர் வந்து, இனி இந்தத் தண்ணீரில் படகு கூடாது என்றார்கள். டொக்டர் கூடவே நின்று பேசியதால் ஐயாவை விசாரணைக்குக் கொண்டுபோகவில்லை. படகு கரையேறி, நானாவின் கடைக்குப் பின்னால் தார்ப்பாய்ப் படங்குக்குள் போனது. செல்விதான் ஐயாவிடம் சொன்னாள்: "இனிமே ஞாயித்துக்கிழமை நீங்க நம்ம வீட்டுக்குத்தான் சாப்பிட வரணும்."

வந்தார். பாதை திறந்து ஊர் போகும்வரை, ஏழு வருஷம் வந்தார். எங்கள் கதவு கிறீச்சிடுகிறது, அம்மி ஆடுகிறது, குழாய் முனகுகிறது என்று ஒன்று விடாமல் குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டார், சாப்பிட்டுவிட்டுத் திருத்தினார். காய்ச்சலென்று அவர் வராத ஞாயிறுகளில் வீடு மிக அமைதியாக இருக்கும். எங்கள் இரண்டு பேருக்கும் சோறு இறங்காது.