எவன் வந்தாலும் அவன் வரக்கூடாது

எவன் வேண்டுமானாலும் என் வீட்டுக்கு வரட்டும், அவன் மட்டும் வரக்கூடாது என்று சபதம் எடுத்தேன்.

அவன் என்றால் ஆள் இல்லை. கேக் சுடுகிற மின்சார அவன்.

என் மனைவி சுமித்ரா கைபேசியில் பார்த்துப் பார்த்தே கேக் சுடக் கற்றுக்கொண்டுவிட்டாள். விற்பதற்கு ஒரு அவன் வேண்டுமாம். அவன் வந்தால் ஆர்டர் வரும். ஆர்டர் வந்தால் டெலிவரி வரும். டெலிவரிக்கு ஸ்கூட்டரோடு ஒரு ஆள் வேண்டும். இந்த வீட்டில் ஸ்கூட்டர் ஓட்டத் தெரிந்த ஒரே ஜீவன் நான். ஸ்ரீசிட்டி கம்பெனியில் ஆறு நாள் ஷிப்ட் பார்த்துவிட்டு, ஏழாம் நாள் மடியில் கேக்கோடு தடாவிலிருந்து சூளூர்பேட்டை வரைக்கும் போவதா? என் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் என்ன ஆவது?

நேரடியாக மறுக்கும் தைரியம் எனக்குக் கல்யாணத்தோடு போய்விட்டது. அதனால் விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைத்தேன்.

"சுமி, எனக்கு ஆசைதான். ஆனா நம்ம வீட்டு லைன் தாங்காது."

"தாங்காதுன்னு இன்னாத்த வெச்சி சொல்றீங்க?"

"கணக்கு வெச்சி."

"அப்ப அந்தக் கணக்க எனக்கும் சொல்லிக் குடுங்க."

இங்கேதான் நான் வாயை மூடியிருக்க வேண்டும். மனைவி என்னிடம் பாடம் கேட்கிறாள் என்ற பூரிப்பில் திறந்துவிட்டேன்.

"வோல்டேஜ்னா கரண்ட்ட தள்ற அழுத்தம். நம்ம வீட்ல இருநூத்தி முப்பது. அது தள்ளி, ஓடறது ஆம்பியர். ரெண்டையும் பெருக்கினா வாட்ஸ். அதான் பவர். வோல்டேஜ ஆம்பியரால வகுத்தா தடை. தடைய ஓம்ல சொல்லணும்."

"நம்ம திருப்பதி மலை மேல சொல்ற ஓமா?"

"இது வேற ஓம். தடை அதிகமானா கரண்ட் கம்மியாவும். தடை கொறஞ்சா கரண்ட் ஏறும்."

"தடாவுல இருந்துக்கினு தடை தெரியாம இருப்பேனா? வீட்லயே ஒண்ணு உக்காந்துகினு கீதே" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

பிறகு, "கீழ் வீட்டு வெங்கடலட்சுமி அக்காகிட்ட ஒரு அவன் கீது. எடுத்தாந்து டெஸ்ட் பண்ணலாமா?" என்றாள்.

மனசுக்குள் துள்ளினேன். டெஸ்ட் வைப்பவன் நான் அல்லவா? கம்பெனி மெயின்டனன்ஸில் இருக்கும் ஹரிபாபுவிடம் கிளாம்ப் மீட்டர் வாங்கினேன். ஒயரைக் கவ்விக்கொண்டு ஆம்பியர் சொல்லும் கருவி அது. ஞாயிறு காலை, அந்த அவனை நானே முதுகு ஒடிய மாடிக்குத் தூக்கி வந்தேன்.

அவள் மாவு கலக்கும் நேரத்தில் சதியை அரங்கேற்றினேன். படுக்கையறையில் ஏசியைப் போட்டுக் கதவைச் சாத்தினேன். குளியலறையில் ஒரு பக்கெட் தண்ணீரில் ஹீட்டர் ராடை முக்கி ஸ்விட்ச் போட்டேன். அந்தக் கதவையும் சாத்தினேன். மெயின் ஒயரில் மீட்டரை மாட்டி, "நீயே படி" என்றேன்.

அவள் அவனை ஆன் செய்தாள்.

"இருபத்தி நாலு."

"பாத்தியா! நம்ம மெயின் தாங்கறது பதினாறுதான்!"

சற்று நேரத்தில் டப்! மெயின் ஸ்விட்ச் விழுந்தது. ஃபேன் நின்றது. எனக்கு மட்டும் ஜில்லென்றிருந்தது.

சுமித்ரா அவனின் முதுகுப் பக்கம் குனிந்தாள்.

"இன்னாங்க, இதுல ஆயிரத்தி அறுநூறு வாட்ஸ்னு போட்டுகீது. இருநூத்தி முப்பதால வகுத்தா ஏழு ஆம்பியர்தானே? இருபத்தி நாலு எப்பிடி வந்துச்சு?"

"அது... உள்ள மாவு வெச்சிருக்க இல்ல? மாவு கெட்டி. அதனால தடை ஜாஸ்தி."

"தடை ஜாஸ்தியானா கரண்ட் கம்மியாவணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஓம் என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

"அப்ப மீதி பதினேழு எங்க ஓடிச்சு?" என்று கேட்டபடி தேடக் கிளம்பினாள். படுக்கையறைக் கதவைத் திறந்தாள். குளிர்காற்று வந்து காட்டிக்கொடுத்தது. ஏசியில் போட்டிருந்த வாட்ஸை இருநூற்று முப்பதால் வகுத்தாள். "எட்டு இங்க." குளியலறைக் கதவைத் திறந்தாள். ஆவி வந்தது. ராடின் வாட்ஸையும் வகுத்தாள். "ஒம்போது இங்க. கணக்கு சரியாப் போச்சு. யாருக்கு வெந்நீரு?"

"எனக்குத்தான். உடம்பு வலி."

"கத்திரி வெயில்லயா? அய்யோ பாவம். சூடு ஆறதுக்குள்ள குளிச்சிட்டு வாங்க."

சொன்ன பொய்யைக் காப்பாற்ற, சூடு தாங்காமல் நின்று நின்று அரை மணி நேரம் குளித்தேன். ஒவ்வொரு செம்புக்கும் ஏழுமலையானைக் கூப்பிட்டேன். வெந்த இறால் மாதிரி வெளியே வந்தபோது வீடு மணந்தது. ஏசியையும் ராடையும் அணைத்துவிட்டு, விழுந்த ஸ்விட்சைத் தூக்கிவிட்டு, அவள் கேக்கையே சுட்டு முடித்திருந்தாள். அவனை அணைப்பதற்கு முன் காட்டினாள்: மீட்டர் ஏழில் சாதுவாக நின்றது.

ஒரு துண்டு வாயில் போட்டேன். கோபமாக இருக்கத்தான் பார்த்தேன். கேக் விடவில்லை.

"எப்பிடி கீது?"

"நல்லாத்தான் இருக்கு" என்று தோல்வியை ஒப்புக்கொண்டேன். குறைந்தபட்சம் பெருந்தன்மையாகத் தோற்போமே என்று, "சரி, அக்காவோட அவனக் கீழ குடுத்துடலாம். அடுத்த மாசம் நாமளும் இதே மாதிரி ஒண்ணு வாங்கிக்கலாம்" என்றேன்.

"இன்னொண்ணு எதுக்கு? இதுவே நம்முதுதான். போன வாரமே வாங்கி அக்கா வீட்ல வெச்சிருந்தேன்" என்றாள் சுமித்ரா, எனக்கு இன்னொரு துண்டு வெட்டிக்கொண்டே. "மாடி ஏத்தறதுக்குத்தான் ஆள் கெடைக்காம இருந்துச்சு."